பத்து லிட்டர் பெட்டியில் பதினோரு வரி உபயம்

எங்கள் பங்குக் கோயிலில் இருபத்தாறு மின்விசிறிகள் உண்டு. ஒரு விசிறிக்கு மூன்று இறக்கை. ஒரு இறக்கைக்கு ஒரு உபயதாரர். இன்னார், இன்ன தெரு, இன்னாரின் நினைவாக என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கும். விசிறி சுற்றினால் பேர் தெரியாது. அதனால் பூசை நேரத்தில் தங்கள் விசிறியை மட்டும் அணைத்துவிட்டு, அதன் அடியில் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இரண்டு மூன்று எங்களிடம் இருக்கின்றன. டியூப் லைட்டில் எழுதின பேர்களால் பாதி வெளிச்சம் போய்விட்டது. யார் கொடுத்த வெளிச்சம் போனது என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இப்படிப்பட்ட கோயிலுக்குத்தான் அனிஷா ஒரு கம்ப்யூட்டர் கேட்டாள்.

அனிஷாவுக்கு இருபத்தேழு வயது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது தொழில். நாலு வருஷமாக அந்தோனியார் திருவிழாவை நேரலையில் காட்டுவதும் அவள்தான். குவைத்தில் நர்ஸாக இருப்பவர்கள், இத்தாலியில் சிஸ்டராக இருப்பவர்கள், துபாயில் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவள் காட்டித்தான் சப்பரம் பார்ப்பார்கள். போன வருஷம் சப்பரம் கடைவீதி முக்குத் திரும்பியபோது அவளுடைய லேப்டாப் வெயில் தாங்காமல் நின்றுபோனது. ஒன்பது நாடுகளில் இருந்த எங்கள் சனம் நாற்பது நிமிஷம் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒருவர் பக்தியோடு 'ஆமென்' என்று எழுதியிருந்தார்.

இந்த வருஷம் ஃபாதர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா மதுரை பார்ட்டிக்கிட்ட குடுத்துருவோம்மா. தப்பா நினைச்சுக்காத. அவுங்ககிட்ட ட்ரோன் இருக்காம்."

திருவிழா கைமாறினால் கல்யாணங்களும் கைமாறும். கோயில் யாரைக் கூப்பிடுகிறதோ அவர்களைத்தான் ஊரும் கூப்பிடும். இது அனிஷாவுக்குத் தெரியும். அதனால் அவள் அழவில்லை, செபமாலையும் எடுக்கவில்லை. அளவு நாடாவை எடுத்தாள்.

சப்பரத்துக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி வரும். அதில் ஜெனரேட்டர், மைக் செட்டு, ஆம்ப்ளிஃபயர், மானிட்டர், ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் அனிஷா. இதெல்லாம் போக மிச்சம் இருப்பது ஆம்ப்ளிஃபயருக்கும் டிரைவர் கேபினுக்கும் நடுவே ஒன்றரைச் சாண் சந்து. மேலே வயர் போகிற பலகை, தரையிலிருந்து பத்து அங்குலம். நாலு கேமராவை ஒரே நேரத்தில் இழுத்து, கலந்து, உலகம் பூராவும் அனுப்புகிற பலம் அந்தச் சந்துக்குள் உட்கார வேண்டும். அதோடு ரெண்டு பக்கமும் நாலு விரல் காற்றுக்கு விட வேண்டும்.

மூன்று நாள் தேடி ஒரு கேபினெட்டைக் கண்டுபிடித்தாள். மொத்தமே பத்து லிட்டர். ஒரு ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ரெண்டு பக்கமும் சல்லடை மாதிரிக் கம்பிவலை. உள்ளே சின்ன மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு மறுபக்கம், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். கார்டின் நீளம் முப்பது சென்டிமீட்டர். பெட்டி முப்பத்திரண்டு வரை ஒத்துக்கொள்ளும். பவர் சப்ளை சின்ன ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். ப்ராசசரின் மேல் உட்காரும் கூலர் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி, பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு மாதிரி செய்து, குட்டியானையில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

உபயத்துக்கு முன்வந்தவர் ஞானதாஸ். ஸ்டீல் பீரோ செய்து விற்கிறவர், அனிஷாவுக்குத் தூரத்து மாமா முறை. ஆறு வருஷத்துக்கு முன் பங்குப் பேரவையில் பதினோரு மாதம் துணைத்தலைவராக இருந்தார். அந்தப் பதினோரு மாதத்திலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை.

"மெசினு எம்புட்டு ஆனாலும் ஆகட்டும்" என்றார். "ஆனா நான் கண்ணால பாத்துத்தான் வாங்குவேன்."

பேகம்பூரில் ரஃபியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். ரஃபி அனிஷாவுக்குக் கல்லூரியில் இரண்டு வருஷம் சீனியர். கடை வாசலில் கண்ணாடிக் கேபினெட் ஒன்று ரொம்ப நாளாக நிற்கிறது. மூன்று பக்கம் கண்ணாடி, ஏழு ஃபேன், ஃபேனுக்கு ஒரு கலர். ஞானதாஸ் அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. பீரோவைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் விரல் கணுவால் தட்டினார்.

"தகடு எத்தனை கேஜுப்பா?"

"கண்ணாடி சார் அது."

"இதுதான் கம்ப்யூட்டரு. பாத்தாலே தெரியுதுல்ல. நீ சொன்னது எது?"

ரஃபி உள்ளிருந்து பத்து லிட்டர் பெட்டியை ஒரு கையில் எடுத்து வந்தான். ஒரு கையில் எடுத்து வந்ததே ஞானதாஸுக்குப் பிடிக்கவில்லை.

"இதுவா? எங்க வீட்டுல இந்த சைஸுல பூண்டு வச்சிருக்கோம்."

"பலம் ரெண்டுலயும் ஒண்ணுதான் சார்" என்றான் ரஃபி. "இது பத்து லிட்டரு. அது ஐம்பத்தஞ்சு."

"லிட்டரா? என்னத்த ஊத்தப் போறோம்?"

"கேபினெட்டை லிட்டர்லதான் அளப்பாங்க சார்."

"ஐம்பத்தஞ்சுக்கும் பத்துக்கும் ஒரே வேலையா? ஏப்பா ரஃபி, எங்கிட்டயே பீரோ விக்கிறியா?"

அனிஷா சொன்னாள்: "மாமா, பெருசு வண்டில ஏறாது. ஏறுனாலும் பள்ளத்துல விழுந்து எந்திரிக்கயில கண்ணாடி தாங்காது."

ஞானதாஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததன் பலன் உடனே வெளிவந்தது. "ஒண்ணு செய்வோம். நம்ம பட்டறையில இருபது கேஜ் தகட்டுல நானே அடிச்சுத் தாரேன். கதவு வச்சு, நம்ம ஊரு பூட்டு வச்சு. உள்ள ஒரு லாக்கரும் வச்சுரலாம்."

"லாக்கர் எதுக்கு மாமா?"

"அந்தக் கார்டு ரொம்ப விலைன்னியே. அதை லாக்கருக்குள்ள வச்சுப் பூட்டிரு."

ரஃபி அவசரமாக ஒரு மவுஸ் பெட்டியைத் தேடக் குனிந்தான். அனிஷா சிரிக்கவில்லை. ஞானதாஸுக்கு எது வேண்டும் என்பது அவளுக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போதே தெரியும். அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை அவரே மூன்று தடவை எடுத்துப் பார்த்திருந்தார். அதில் பதினோரு வரி இருந்தது.

"மாமா, இந்தப் பெரிய பொட்டில உங்க பேர எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"பாக்குறவன் முதல்ல லைட்டப் பாப்பான். அப்புறம் ஃபேன எண்ணுவான். அப்புறம் கண்ணாடில தன் மூஞ்சியப் பாத்துத் தலை சீவுவான். உங்க பேரு நாலாவதாத்தான் வரும். சின்னப் பொட்டியில பாக்குறதுக்கு வேற ஒண்ணுமே கிடையாது. பேரு மட்டும்தான்."

ஞானதாஸ் பெரிய பெட்டியைப் பார்த்தார். சின்னப் பெட்டியைப் பார்த்தார். பிறகு ரஃபியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"பத்து லிட்டருக்கும் கீழ ஏதாச்சும் இருக்கா?"

பத்திலேயே அவரை நிறுத்தி வைப்பது பெரிய பாடாகிவிட்டது. கடைசியில் உடன்படிக்கை இப்படி: பேர் முன்பக்கத்துத் தகட்டில் மட்டும், ரெண்டே வரி. 'உபயம்: ஞானதாஸ் குடும்பத்தார்.'

"இந்த ரெண்டு பக்கமும் அது மூச்சு விடுற எடம் மாமா" என்று வலையைத் தொட்டுக் காட்டினாள் அனிஷா. "இங்க ஒரு காலண்டர் தாளுகூட ஒட்டக் கூடாது."

"என் பேரு பதினோரு வரிம்மா."

"முன்பக்கம் ரெண்டு வரி."

ஞானதாஸ் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவதற்கும் ஒத்துக்கொள்வதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதை அவர் கடையில் தவணைக்குப் பீரோ கேட்ட யாரும் சொல்வார்கள்.

சாமான்கள் வந்து சேர, ரஃபியும் அனிஷாவும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மெஷினைச் சேர்த்தார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் வயர்களை அடக்குவது, ஆபரேஷன் முடிந்து குடலைத் திரும்ப உள்ளே வைத்துத் தைக்கிற வேலை. ஒரு வயர் கார்டில் முட்டியது; அவிழ்த்தார்கள். கூலரின் ஃபேன் மூடியில் உரசியது, திருப்பி மாட்டினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷின் உயிர் பெற்றது. மறுநாள் உச்சி வெயிலில், மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் அதை வைத்து, நாலு கேமராவையும் மூன்று மணி நேரம் ஓடவிட்டாள். சூடு எழுபத்தொரு டிகிரி. அதற்கு மேல் ஒரு கோடு ஏறவில்லை.

"மதுரை பார்ட்டி ட்ரோன வச்சுக் காக்கா ஓட்டட்டும்" என்றாள் ரஃபியிடம்.

திருவிழா ஞாயிறு. பூசை முடிந்ததும் புது மெஷினுக்கு மந்திரிப்பு. கோயில் முன் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பெட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். அனிஷா அப்போது மணிக்கூண்டு உச்சியில் நாலாவது கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஞானதாஸ் சுருட்டி வைத்த ரெண்டு ஸ்டிக்கரோடு வந்தார்.

நியாயமாகப் பார்த்தால் அவர் வாக்கு மீறவில்லை. முன்பக்கம் ரெண்டு வரி என்று ஒத்துக்கொண்டார். முன்பக்கம் ரெண்டு வரிதான் இருந்தது. பதினோரு வரியை இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மஞ்சளில் சிவப்பாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். பேர், பி.ஏ., பீரோ கடை, கிளை, முன்னாள் பதவி, தாயார் செபஸ்தியம்மாள் நினைவு, மகள், மருமகன், பேரன்மார் எல்லாரும் அந்த எழுத்தில் வந்திருந்தார்கள். ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினார். பீரோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டிப் பழகின கை. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அந்த ஸ்டிக்கர் செய்த ஒரே நல்ல காரியம், தீர்த்தம் உள்ளே போகாமல் தடுத்தது.

குட்டியானையும் ஜெனரேட்டரும் காமராஜுடையவை. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். எந்தச் சாமி திருவிழாவாக இருந்தாலும் வாடகைக்கு வருவார். அவர்தான் பெட்டியைத் தூக்கிச் சந்துக்குள் வைத்தார்.

"ஏனுங்க, உள்ள வெச்சா பேரு வெளிய தெரியலீங்களே" என்றார்.

"தெரியாட்டி என்ன, இறக்கயில தெரியும்" என்றார் ஞானதாஸ். ஃபோட்டோ ஏற்கனவே எடுத்தாயிற்று.

கூண்டிலிருந்து இறங்கி வந்த அனிஷா கண்ணில் பட்டது முன்பக்கத்து ரெண்டு வரி மட்டும்தான். வயர்களைச் சொருகினாள், ஸ்டூலில் ஏறினாள், நேரலையைத் தொடங்கினாள். ஆயிரத்து நானூறு பேர் வந்து சேர்ந்தார்கள். ஃபாதர் செபம் சொன்னார். பிறகு உபயதாரருக்குப் பொன்னாடை. பிறகு உபயதாரர் உரை, ரெண்டு நிமிஷம்.

ஒன்பதாவது நிமிஷத்தில் ஞானதாஸ் தன் கடையின் முதல் பீரோவை விற்ற கதைக்கு வந்திருந்தார். அனிஷாவின் மானிட்டர் ஓரத்தில் சூட்டைக் காட்டும் எண் எண்பத்தெட்டு என்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றொன்று. பெட்டிக்குள் ஃபேன்கள் பிரஷர் குக்கர் மாதிரிச் சீறத் தொடங்கின. தொண்ணூற்றாறு. படம் தத்தியது, தத்தித் தத்தி நின்றது. ஞானதாஸின் குரலும் நின்றது, உலகத்துக்கு மட்டும். எங்களுக்கு நிற்கவில்லை.

அனிஷா சந்துக்குள் கையை விட்டாள். வலை இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். மஞ்சளில் சிவப்பாக, செபஸ்தியம்மாள் நினைவாக.

"யாருண்ணே இதை ஒட்டுனது?"

"பெரியவருதானுங்க" என்றார் காமராஜ். "கிழிச்சுப் போடாதீங்க அம்முணி. பெரிய மனுசன் பேருங்க. நாளைக்கு உங்களச் சும்மா விடமாட்டாரு."

"பேச்சு வந்தாப் பாத்துக்குவோம். இப்பப் படம் வரணும்" என்று நகத்தை ஒரு மூலையில் கொடுத்தாள். அப்போது ஃபோன் அடித்தது. குவைத்திலிருந்து நான்சி, ஞானதாஸின் மகள்.

"அனி, எங்கப்பாவுக்கு என்னடி ஆச்சு? வாயத் தொறந்தபடியே நிக்கிறாரு, ஒரு கண்ணு வேற மூடியிருக்கு. வார்டுல எல்லாரும் பாத்துட்டு ஸ்ட்ரோக்கான்னு கேக்குறாங்க."

"அவருக்கு ஒண்ணும் இல்லடி. பேசிக்கிட்டுத்தான் இருக்காரு."

"இன்னுமா?"

அனிஷாவின் நகம் மூலையிலேயே நின்றது. இந்த ஸ்டிக்கரை அவள் கிழித்தால், ஞானதாஸின் பேரைக் கிழித்தவள் என்று அவளைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள். கிழிக்காவிட்டால், நேரலையைக் கோட்டை விட்டவள் என்று இன்றைக்கே பேசுவார்கள். ரெண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று.

"நான்சி, உங்கப்பா பேரு மெசினோட மூச்ச அடைச்சிருக்கு. அவருக்குப் போன் போட்டு, இப்ப எப்படித் தெரியிறாருன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஞானதாஸின் பையில் ஃபோன் அடித்தது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. எடுத்தார். மகள் சொன்னதும் மைக்கில் லேசாகக் கேட்டது. "வாயத் தொறந்தா?" என்று அவர் கேட்டது பலமாகவே கேட்டது. ஃபோனை வைத்தவர், முதல் பீரோவை விற்பனையாகாமல் அப்படியே விட்டுவிட்டு, பொன்னாடையோடு குட்டியானைக்கு ஓடி வந்தார்.

அனிஷா மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். ஞானதாஸ், வாய் திறந்து, ஒரு கண் மூடி, கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் வரை தெரிய நின்றிருந்தார். கீழே 'உபயதாரர் உரை' என்று எழுதியிருந்தது. அதன் மேல் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் கொப்புளம் கொப்புளமாக மிதந்துகொண்டிருந்தன.

"எம்புட்டு நேரமா இப்படி?"

"நாலு நிமிசமா."

"இத எடு தாயி. மொதல்ல இத எடு."

"என் கையில இல்ல மாமா. ரெண்டு பக்கமும் உங்க பேரு நிக்குது. அது எறங்குனாத்தான் இது எறங்கும்."

ஞானதாஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். ஃபாதர் பார்த்துக்கொண்டிருந்தார். சப்பரம் தூக்கத் தோள் கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. வாயைத் திறந்தபடி ஒன்பது நாடுகளில் நின்றுகொண்டிருந்தார். பொன்னாடையைத் தோளில் இறுக்கிக்கொண்டு வண்டியில் ஏறி, சந்துக்குள் தலையை விட்டார். வண்டிக்கு வெளியே எங்களுக்குத் தெரிந்தது அவருடைய பின்பக்கம் மட்டும்தான். சூட்டில் பசை இளகியிருந்தது. இடது பக்கத்தை ஒரே இழுப்பில் உரித்தார். வலது பக்கத்தை இன்னொரு இழுப்பில். ஒரு எழுத்தும் கிழியவில்லை. அவர் வேலையில் எப்போதும் ஒரு சுத்தம் இருக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எண் தொண்ணூறானது. எண்பத்திரண்டு. எழுபத்தைந்து. அனிஷா கேமராவைச் சப்பரத்துக்கு மாற்றினாள். படம் ஓடியது. குவைத்திலிருந்து ஒரு கைகூப்பு வந்தது, அப்புறம் நூறு.

"சப்பரத்த எடுக்கச் சொல்லுங்க ஃபாதர்" என்று மைக்கில் சொன்னாள். செத்த நேரம்கூடத் தாமதிக்காமல் எடுத்தார்கள்.

ஞானதாஸ் இரண்டு கைகளிலும் தம் பேரை விரித்துப் பிடித்தபடி வண்டியிலேயே நின்றார். ஒட்டுகிற பக்கம் வெளியே இருந்ததால் கீழே வைக்கவும் முடியவில்லை, மடிக்கவும் மனமில்லை. வண்டி நகர்ந்தது. பள்ளத்தில் ஒரு குலுக்கல். விழாமல் இருக்கப் பக்கத்திலிருந்த ஜெனரேட்டரில் கையை ஊன்றினார். கையை எடுத்தபோது பேர் அங்கே இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொஞ்சம் கோணலாக இருந்த மேல் மூலையைச் சரிசெய்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு மறு கையில் இருந்ததை மறுபக்கம் ஒட்டினார்.

பவனி ஏழு தெரு சுற்றியது. கடைவீதி முக்கிலும் படம் நிற்கவில்லை.

அடுத்த வாரம் பேரவைக் கூட்டத்தில், அடுத்த மூன்று வருஷத்துக்கு நேரலை அனிஷாவுக்கே என்று தீர்மானமாயிற்று. மதுரை பார்ட்டியின் ட்ரோனைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தார்; யாரும் பார்க்காததால் உட்கார்ந்தார். மெஷினுக்கு இன்னொரு மானிட்டர் வேண்டும் என்று அனிஷா சொன்னதும் மூன்று பேர் உபயத்துக்குக் கை தூக்கினார்கள்.

"பேரு எங்க வரும், எத்தனை வரின்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள் அவள். "திரையில எழுதலாம்னு யாரும் யோசிக்க வேணாம்."

யோசித்துக்கொண்டிருந்தவர் கையை இறக்கினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவள் ஃபோனுக்குக் காமராஜ் ஒரு படம் அனுப்பியிருந்தார். பாலசமுத்திரம் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழா. தீச்சட்டி, வேப்பிலை, மேளம். நடுவில் ஜெனரேட்டர், அதில் மஞ்சளில் சிவப்பாகப் பதினோரு வரி. கூடவே குரல் செய்தி: "உரிச்சுப் பார்த்தனுங்க, வரலீங்க. இங்க யாருங்க இந்த ஞானதாஸுன்னு கேட்டு, பரிவட்டம் கட்டோணும்னு தேடறாங்க. என்ன சொல்லட்டுங்க?"

அனிஷா அதை ஞானதாஸிடம் காட்டினாள். எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பதினோரு வரியும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"அங்க எம்புட்டு சனம் வந்திருந்துச்சாம்?" என்று கேட்டார்.